ஊர் மிக்சியும் நம்ம வீட்டு பிளக்கும்

சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில் புடவைக்கு அடுத்தபடி இடம் பிடிப்பது மிக்சி. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் எல்லாம் கிடைத்தாலும் ஊர்ச் சாமானுக்கு ஒரு மவுசுதான். வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது சிக்கல். அதன் பிளக்கில் உருண்டைப் பின்கள். நம் சுவரில் நீள்சதுரத் துளைகள்.

மின்சாரம் அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் வேறு. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனவை. உருண்டைப் பின் அவர்களின் பழைய வகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்புக் கம்பியை மிச்சப்படுத்த, பல சாக்கெட்டுகளை ஒரே வளையக் கம்பியில் கோத்தார்கள். அந்த வளையத்தின் ஃபியூஸ் 30 ஆம்பியர். ஒரு மெல்லிய ஒயர் கருகினாலும் அது அசையாமல் இருக்கலாம். ஆகவே பிளக்குக்குள்ளேயே தனி ஃபியூஸ் வைத்தார்கள். 1947-இல் வந்த அந்தத் தரமே நம் 13 ஆம்பியர் பிளக்.

அதன் மேல் பின் மட்டும் நீளம். அதுதான் எர்த். முதலில் நுழைந்து, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் தடுப்பை விலக்குவதும் பெரும்பாலும் அதுவே. குழந்தை கம்பியை நுழைத்தால் காப்பாற்றுவது அந்தத் தடுப்பு.

நம்மவர்கள் சிலர் என்ன செய்கிறார்கள்? மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி, இரண்டு பின் பிளக்கைத் திணிக்கிறார்கள். மலிவு அடாப்டர் சிலவற்றிலும் எர்த் தொடர்பு இருப்பதில்லை. மிக்சி ஓடும்; பாதுகாப்பு இருக்காது. இரும்பு உடலுள்ள கிரைண்டரில் மின்சாரம் கசிந்தால், மாவு வழிக்கும் ஈரக் கை வழியாகத்தான் தரைக்கு இறங்கும். கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி காப்பாற்றலாம். பழைய வீடுகளில் அதன் பொத்தானை அழுத்திச் சோதித்தவர் எத்தனை பேர்?

உலகத்துக்கே ஒரு பிளக் கூடாதா? 1986-இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் ஒன்றை வகுத்தது. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் அதையொட்டி மாறின. மற்ற நாடுகளுக்குக் கோடிக்கணக்கான சுவர்களைப் பெயர்க்கத் துணிவில்லை. ஆனால் போர்ட் கிள்ளானில் இறங்கும் குளிர்பதனக் கொள்கலன் எந்த நாட்டுடையதானாலும் அதே நான்கு பின் பிளக்தான். கப்பல்காரர்களால் முடிந்தது சமையலறையில் முடியவில்லை!

அதுவரை வழி, பிளக்கை மாற்றுவதே. சிரிம், எரிசக்தி ஆணைய முத்திரையுள்ள 13 ஆம்பியர் பிளக்கை வாங்குங்கள். திறந்து உள்பக்கம் பார்த்தால் பழுப்பு ஒயர் வலது, நீலம் இடது, பச்சை-மஞ்சள் மேலே. மிக்சிக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 13 ஆம்பியர் கேத்தலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் மின் தொழிலாளியிடம் கொடுத்துவிடலாம்.