துணி போர்த்திய ஜன்னல் பெல்மெட்: வீட்டுக்கு ஏற்றது, பட்டாசுக் கடைக்கு ஆகாது

தீபாவளிக்கு வெள்ளையடித்து முடித்த கையோடு, திரைச்சீலைக் கம்பியை மறைக்க ஒரு பெல்மெட் வேண்டும் என்ற பேச்சு நம் வணிகர் வீடுகளில் எழும். தேக்கில் செய்தால் செலவு கூடுதல். துணி போர்த்துவதானால் சாதாரணப் பலகையே போதும். துணிக்குள் மறைந்துவிடும் அல்லவா?

பெல்மெட் என்பது அடியும் முதுகும் இல்லாத ஒரு பெட்டி. முன்பலகை ஒன்று, மேல்பலகை ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அரை அங்குல பிளைவுட் ஏற்றது. சரக்குப் பெட்டி அட்டை வேண்டாம், மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். கம்பியைவிட இருபுறமும் 2 அங்குலம் நீளம் கூட இருக்கட்டும். ஆழம் 5 அல்லது 6 அங்குலம். குறைந்தால் சீலை பலகையில் உரசும். முன்பலகையின் உயரம் சீலை நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 7 அடிச் சீலைக்கு 14 அங்குலம்.

துணி பருத்தியாக இருப்பது நல்லது. கோடு போட்ட துணியில் சிறு கோணலும் தெரியும் என்பதால் முதல் முறை செய்பவர்கள் வெறும் வண்ணத் துணி எடுக்கலாம். எல்லாப் பக்கமும் 3 அங்குலம் மிச்சம் விட்டு வெட்டி, தரையில் கவிழ்த்து விரித்து, முன்பலகை அடியில் வரும்படி பெட்டியை அதன்மேல் வைக்க வேண்டும். முதலில் நடுவில் ஆணி அடித்து, எதிரெதிராக இழுத்து, ஓரங்களுக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும். மூலைக்குத் தனி வித்தை இல்லை. பொட்டலம் கட்டும்போது மடிக்கிறோமே, அதே மடிப்புதான். பிறகு எல் வடிவ இரும்புத் தாங்கிகளில் சுவரோடு திருகிவிடலாம்.

துணிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்வார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. அது மளமளவென்று எரிந்து நச்சுப்புகை கக்கும். தீபாவளி இரவில் ராக்கெட் ஒன்று ஜன்னலுக்குள் புகுந்தால் என்னவாகும்? எளிதில் தீப்பற்றாத பழைய கம்பளியே போதும். அன்றிரவு ஜன்னலைச் சாத்தியும் வைக்க வேண்டும்.

வீட்டு அலங்காரத்தைச் சிலர் தற்காலிகப் பட்டாசுக் கடைக்கும் கொண்டுபோகிறார்கள். முகப்பில் ஜாலர் துணி கட்டுகிறார்கள். கொட்டகை எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும், எண்ணெய் விளக்கு கூடாது என்பது 2008 வெடிபொருள் விதிகள். அந்த 3 மீட்டரில் துணித் தோரணம் இழுப்பது நெருப்புக்குப் பாலம் போடுவதாகும். முகப்புக்குத் தகரப் பலகை போதும்; சிவப்பும் மஞ்சளும் பெயிண்ட் அடித்தால் தெருமுனையிலிருந்தே தெரியும்.