மருந்து இருக்கட்டும்... முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள்!

"டாக்டர், ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூக்கமே வரமாட்டேங்குது. காலையில எழுந்தா தலை பாரம், கண்ணு எரிச்சல். நீர் பிரியும்போது கடுக்குது..."

சேலையூர் பக்கத்திலிருந்து வந்த பெரியவர். அறுபத்தெட்டு வயது. நாடி பார்த்தேன். அழல் மிகுந்திருந்தது. அதற்கேற்ற மருந்தும் கொடுத்து, நீர்மோர், நன்னாரி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று எல்லாம் சொல்லி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து வந்தார். அதே புகார்! மருந்தை மாற்றினேன். மறுபடியும் வந்தார். இந்த முறை கூட வந்த அவர் மனைவிதான் வாயைத் திறந்தார்.

"டாக்டர், கீழே பெரிய பையன் வீட்டு ஹால்ல படுத்தா குறட்டை விட்டுத் தூங்கறார். மாடியில எங்க போர்ஷனுக்கு வந்தாதான் இந்தப் பாடு."

எனக்குப் பொறி தட்டியது. அன்றிரவு ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டுக்கே போனேன். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ஸ்டூல் மேல் ஏறி, உள்கூரையில் கை வைத்தேன். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது! வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. உள்ளே இவர் அடுப்புக்குக் கீழே படுத்துக்கொண்டு என்னிடம் தூக்கத்துக்கு மருந்து கேட்கிறார். நானும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்த வைத்தியர் எதற்குக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. என் அம்மாவையே நான் இப்படி ஓர் அடுப்புக்குள் வைத்தவன்.

பாளையங்கோட்டையில் படித்து முடித்து, தாம்பரம் பக்கம் வந்து, 2002-ல் கடன் வாங்கி மாடியில் ஓர் அறை கட்டினேன். அம்மாவுக்கென்றே கட்டிய அறை. செலவைக் குறைக்க உயரத்தை ஒன்பது அடியில் நிறுத்தினேன். மேற்கே பெரிய ஜன்னல். "சன்ஷேட் வேண்டாம் சார், முகப்பு அழகு கெட்டுடும்" என்றார் மேஸ்திரி. நானும் தலையாட்டினேன். மழை ஒழுகக் கூடாதே என்று மொட்டை மாடியில் கறுப்புத் தார் ஷீட் ஒட்டினோம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் சரி சொன்னவன் நான்தான்.

2003 மே மாத இறுதி. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாட்கள். "கீழ வந்து படும்மா" என்றால், "இருக்கட்டும்யா, எனக்குன்னு ஆசையாக் கட்டிக் குடுத்த ரூம்லா" என்பார். ஒருநாள் நான்கு மணிக்கு மோர் கொண்டுபோன என் மனைவி போட்ட சத்தத்தில் ஓடினேன். அம்மாவின் உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை, என்றோ இறந்துபோன அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். ஈரத் துணியைப் போர்த்தி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மூன்று நாளில் பிழைத்து வந்தார். அதற்குப் பிறகுதான் நான் கூரையைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலும், ஆவணி தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அதாவது கோடை முழுக்க வெயிலை வாங்குவது சுவர் அல்ல, மொட்டை மாடிதான். அதற்கு அடுத்து, சாயங்கால வெயில் சாய்ந்து அடிக்கும் மேற்குச் சுவர்.

நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். அது மெதுவாக அடிப்பக்கம் இறங்கி, இரவில் நாம் படுக்கும் நேரத்துக்குச் சரியாக அறைக்குள் கக்கும். மின்விசிறி வேகமாகச் சுற்றினாலும் கூரையடியில் தேங்கிய வெந்த காற்றைத்தான் நம் மேல் தள்ளும். அடைத்த அறையென்றால் கேட்கவே வேண்டாம்.

நம் பாட்டன்மார் இதை அறியாதவர்களா? பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையை நினைத்துப் பாருங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்தச் சுண்ணாம்பில் என்ன ஊற்றுவார்கள் தெரியுமா? கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும்! நாங்கள் வயிற்றுக்குக் கொடுக்கும் கடுக்காய் கூரைக்கும் மருந்தாக இருந்திருக்கிறது. செங்கல் ஜல்லியில் காற்றுப் பொந்துகள் அதிகம். சூடு சீக்கிரம் கீழே இறங்காது. இன்றைக்கு 'வெதரிங் கோர்ஸ்' என்று மேஸ்திரிகள் சொல்வது இதன் மிச்சம்தான். அதையும் செலவு என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். சிலர் என்னைப் போலக் கறுப்பு ஷீட் ஒட்டுகிறார்கள்.

இருக்கிற வீட்டுக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை, மாடியை வெள்ளையாக்குங்கள். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். தெலங்கானா அரசு 2023-ல் 'குளிர்கூரை'க்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆமதாபாத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

மாசி, பங்குனியில் மாடியைக் கூட்டிக் கழுவி, விரிசல் இருந்தால் அடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நீர்த்த சுண்ணாம்பைத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக இரண்டு மூன்று பூச்சு. மழையில் கரையும், அழுக்குப் படியும். வருடம் ஒருமுறை அடித்தால்தான் பலன். கடையில் விற்கும் கூலிங் பெயின்ட், வெள்ளை டைல்ஸ் எல்லாம் இதே வேலையைக் கூடுதல் காலத்துக்குச் செய்யும். செலவும் கூடும். ஒரு எச்சரிக்கை: கற்சுண்ணாம்பை வீட்டில் தாளிக்காதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீர்த்த சுண்ணாம்பென்றாலும் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொட வேண்டாம். தப்பித் தவறி கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது இருபது நிமிடமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். குளிரும், உண்மைதான். ஆனால் 2019 ஜூனில் நாம் குடத்தோடு லாரிக்கு நின்றது மறந்துவிட்டதா? வெட்டிவேர்த் தட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. மேற்கிலிருந்து உலர்ந்த காற்று வீசும் காலை நேரத்தில் அருமையாக வேலை செய்யும். பிற்பகல் கடற்காற்று ஈரத்தோடு வந்தபிறகு தட்டியை நனைத்தால் புழுக்கம்தான் கூடும். அப்போது தட்டியைச் சுருட்டிவிட்டுக் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

திறப்பதிலும் ஒரு தகராறு. கொசுவுக்குப் பயந்து ஐந்தரை மணிக்கே நம் வீடுகளில் ஜன்னல் சாத்தப்படுகிறது. காற்று வரும் நேரமே அப்போதுதான்! வலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள். (டெங்கு கொசு பகலில் கடிப்பது. சாயங்காலம் மட்டும் சாத்தி அதை ஏமாற்ற முடியாது.) இப்போது எல்லோரும் விரும்பிப் போடும் ஸ்லைடிங் ஜன்னலில் எனக்கு உடன்பாடில்லை. நான்கடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்று வாங்குவானேன்?

எங்கள் வீட்டில் அந்த ஆண்டே தார் ஷீட்டைப் பிய்த்துவிட்டு, செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்து, மேலே வெள்ளையடித்தோம். மேற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட். கூரையை ஒட்டி எதிரெதிரே இரண்டு வென்டிலேட்டர். வெந்த காற்று மேலாக வெளியேற வழி வேண்டுமல்லவா? அம்மா 2014 வரை அதே அறையில்தான் இருந்தார்.

கரண்ட் பில்

"எதுக்கு டாக்டர் இவ்வளவு? ஏ.சி. போட்டா முடிஞ்சுது" என்கிறார்கள். முடியாதவர்களுக்கு, வயதானவர்களுக்கு, கொடும் கோடையில் ஏ.சி. தேவைதான். நான் எதிரியல்ல. ஆனால் மேலே அடுப்பை எரியவிட்டுக் கீழே ஐஸ் வைப்பது போல அல்லவா அது! ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், இரவு எட்டு மணி நேரம், அறுபது நாள், 480 யூனிட். நம் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியிலுள்ள மலிவு விலையும் கைநழுவும். ஒரு யூனிட் கூடினாலும் வலிக்கும். வெள்ளையடித்த கூரைக்கு அடியில் அதே ஏ.சி. குறைவாக ஓடும். 24 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுற்றவிடுங்கள். 2020 முதல் புதிய ஏ.சி.க்கள் 24-ல்தான் தொடங்கும்படி வருகின்றன. நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்குத் தட்டுகிறோம். அதிகாலையில் மூக்கடைப்பு, கழுத்துப் பிடிப்பு என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த 18 டிகிரிக்காரர்கள்.

பழைய மின்விசிறி 75 வாட்ஸ். தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட்ஸ், 27 யூனிட்தான். மூன்று விசிறி மாற்றினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் மிச்சம். வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் நாலு யூனிட் கிடைக்கும். இதில் யாரும் சொல்லாத லாபம் ஒன்று, பலகைக்கு அடியில் மாடிக்கு நிழல்! எனவே படுக்கையறைக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். போல்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்கா மரங்களை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்கள் நாம்.

இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கு

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்தபிறகு கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம், படப்பை என்று மனை வாங்கிப் போட்டவர்கள் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வரைபடம் கையில் இருக்கும்போதே கேளுங்கள். மேற்குப் பக்கம் யார் படுக்கப் போகிறார்கள்? முடிந்தால் யாரும் வேண்டாம். படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கே தள்ளுங்கள். படுக்கையறைக்குக் கிழக்கோ தெற்கோ ஒரு ஜன்னலும், காற்று வெளியேற எதிர்ப்புறம் ஒரு திறப்பும் இருக்கட்டும். வாஸ்துக்காரர் வேறு சொன்னால் இரண்டையும் ஒத்துப்பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை!

லாரி பேக்கர் கேரளத்தில் பிரபலப்படுத்திய 'ராட் ட்ராப்' கட்டில், செங்கற்களைக் குத்தி வைத்து நடுவே காற்றிடைவெளி விடுவார்கள். செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம், சுவரும் சூட்டைத் தடுக்கும். பழகிய கொத்தனார் கிடைத்தால் மேற்குச் சுவருக்காவது செய்து பார்க்கலாம். பழகாதவர் கையில் கொடுத்து வீணாக்க வேண்டாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு மே மாத மத்தியானம் குடும்பத்தோடு போய் அந்தத் திண்ணையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு, அப்புறம் இன்ஜினீயரைப் பாருங்கள்.

தரைமட்டம்? முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களைக் கேளுங்கள். 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கோடே இருக்கும். அதற்கு மேலே எழுப்புங்கள். நனைந்த சுவரில் பூத்த பூஞ்சையால் இளைப்பு கூடிப்போன குழந்தைகளை அந்த இரண்டு ஆண்டும் நிறையப் பார்த்தேன்.

நம் தாம்பரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது எதனால்? 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே மருத்துவமனை தொடங்கினார். காசத்துக்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு இவைதான் சிகிச்சை. காற்று மட்டும் காசத்தைத் தீர்க்காது, மாத்திரைதான் தீர்க்கும் என்பது பிற்பாடு தெளிவானது. 1950-களின் கடைசியில் அதை உலகுக்கு நிரூபித்ததும் சென்னையில் நடந்த ஆய்வுதான். ஆனால் அடைத்த அறையில் காசம் எளிதாகப் பரவும் என்பது இன்றும் மாறவில்லை. இன்று அதே சானடோரியத்தில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது.

சேலையூர்ப் பெரியவர் வீட்டில் பங்குனியில் வெள்ளையடித்தார்கள். தூக்கம் வருகிறது. நீர்க்கடுப்பும் போய்விட்டது. தண்ணீர் குடிப்பதை மட்டும் இன்னும் நான் திட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, வீட்டில் அறுபது கடந்தவர்கள் மேல்மாடியில் இருந்தால் அக்னி நட்சத்திரம் முடியும்வரை பகலில் கீழே இறக்கிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு, நீர் பிரிய என்று மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயில் நாட்களில் சீக்கிரம் தளர்ந்துபோவார்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலில் கிடத்தி உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் என்னிடம் வராதீர்கள், எந்தக் கஷாயமும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.