இருள் கவிந்த பின் மாமல்லபுரம்

கோவளம் தர்காவுக்கு ஜியாரத் செய்யச் செல்லும் நம் குடும்பத்தினருள் பலர், அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே உள்ள மாமல்லபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஆனால் எந்த நேரத்தில் பார்க்கின்றோம்? லுஹர் தொழுது, பகலுணவை முடித்துக்கொண்டு, வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் வேளையில் அங்கே போய் இறங்குகின்றோம். குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுகின்றன. பெரியவர்கள் நிழல் தேடி ஒதுங்குகின்றனர். ஒரு மணி நேரத்தில் சிப்பி மாலை இரண்டை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகின்றோம். பார்த்தோம் என்பது பெயருக்குத்தான்.

வாசக நேயர்களே, அடுத்த முறை இந்த ஒழுங்கை மாற்றிப் பாருங்கள். அஸர் தொழுகைக்குப் பின் மாமல்லபுரம் செல்லுங்கள். மஃரிபை அங்கே நிறைவேற்றி, இருள் கவிந்த பின் அவ்வூரை நிதானமாகச் சுற்றி வாருங்கள்.

கோயில்கள் நிறைந்த ஊரில் நமக்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயத்தார் விட்டுச்சென்ற தடயங்களைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பன்முறை வலியுறுத்துகின்றது. வழிபடுவது வேறு, வரலாற்றைக் காண்பது வேறு. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் பல்லவ மன்னர்கள் குடைந்தும் செதுக்கியும் கட்டியும் விட்டுச்சென்ற இக்கற்கள் தமிழ் பேசும் அனைவருக்கும் பொதுவான செல்வமாகும். யுனெஸ்கோ நிறுவனம் 1984ஆம் ஆண்டில் இவற்றை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்து உரையாடியதும் இங்கேதான். அன்று அவர்கள் கடற்கரைக் கோயிலைக் கண்டது மாலை மயங்கிய பிறகே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்!

இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் பொழுதைக் கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. ஆகவே இரவுலா என்றதும் நள்ளிரவு வரை கடைத்தெருவில் அலைவது என்று பொருள் கொள்ள வேண்டாம். மஃரிபிலிருந்து இரண்டு மணி நேரம் போதும்.

முதலில் ஊரின் நடுவே உள்ள பெரும்பாறைச் சிற்பத்தைக் காணுங்கள். அர்ச்சுனன் தபசு என்று ஒரு சாராரும், கங்கை இறங்கிய காட்சி என்று மற்றொரு சாராரும் கூறுவர். தெருவோரத்திலேயே அமைந்திருப்பதால் சாலையில் நின்றவாறே காணலாம். யானைகளையும் அவற்றின் குட்டிகளையும் எல்லோரும் பார்ப்பார்கள். அவற்றின் அருகே, முன்னங்கால்களை உயர்த்தித் தவசி போல் நிற்கும் பூனையைத் தேடிப் பாருங்கள். அதனைச் சுற்றி எலிகள்! முனாஃபிக்கின் உருவத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த உளியும் சொன்னதில்லை என்பேன்.

இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். மேலிருந்து விழும் கதிரவன் ஒளியை எண்ணியே அச்சிற்பிகள் செதுக்கினர். தரையிலிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சும் மின்னொளியோ நிழல்களைத் தலைகீழாக்கி, முகங்களின் சாயலையே மாற்றிவிடுகின்றது. நிலவொளி அப்படிச் செய்வதில்லை. ஆதலால் பிறை பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதந்தோறும் பிறை 13, 14, 15 ஆகிய நாட்களில் சுன்னத்தான நோன்பு நோற்கும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா? அந்த இரவுகளே இதற்கும் ஏற்றவை. பிறை 14ஐ ஒட்டிய மாலையில், கதிரவன் மேற்கே மறையும் நேரத்தை ஒட்டி முழுமதி கிழக்கே கடலிலிருந்து எழும். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் அது மேலெழும் காட்சியை, நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தின் இனிப்பு நாவில் இருக்கும்போதே மணலில் அமர்ந்து காணலாம். கோயில் வளாகத்தினுள் செல்ல விரும்பினால் வாயில் மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து கொள்வது நலம்.

திரும்பி மேற்கே நோக்கினால் குன்றின் மேல் கலங்கரை விளக்கம் சுழன்று ஒளிரும். கல்லால் ஆன அந்தக் கோபுரம் 1904ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகின்றது. அதற்கு முன்னர், அருகிலுள்ள பல்லவர் காலக் கோயிலின் உச்சியிலேயே விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அதற்கும் முன்னர்? ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் என்ற பெயரால் அடையாளம் கண்டனர். இக்கரையோரம் கலம் செலுத்திய நம் மரைக்காயர்களுக்கு இரவில் வழிகாட்டியவை வானத்து நட்சத்திரங்களே. தரையிலும் கடலிலும் இருளில் வழியறியவே அவை அமைக்கப்பட்டன என்னும் இறைவசனத்தை அவர்கள் வாழ்ந்தே உணர்ந்தார்கள்.

விளக்கு வழிகாட்டும். விளக்கே வழிகெடுப்பதும் இக்கரையில்தான் நிகழ்கின்றது.

சனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இரவில் இக்கரையேறி, மணலில் குழி தோண்டி நூறு முட்டைகள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ 50 நாட்கள் கழித்து வெளிவரும் குஞ்சுகளுக்குத் தாயுமில்லை, துணையுமில்லை. இருண்ட கரையைவிடச் சற்றே வெளிச்சமாகத் தோன்றும் கடலை நோக்கி அவை தாமாகவே ஓடும். இறைவன் அவற்றுக்கு அளித்துள்ள அறிவு அவ்வளவே. அது போதுமானதாகவும் இருந்தது. இன்றோ விடுதிகளின் விளக்கும் சாலை விளக்கும் கடலைவிடப் பிரகாசிப்பதால், குஞ்சுகள் எதிர்த்திசையில் நடந்து, விடியுமுன் நாய்க்கும் வண்டிச் சக்கரத்திற்கும் இரையாகின்றன. தாய் ஆமைகளின் நிலையும் இரங்கத்தக்கதே. 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் நூற்றுக்கணக்கானவை செத்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வர வேண்டிய அந்த உயிர்கள் இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்து மடிகின்றன. கரையிலிருந்து 5 கடல் மைல் தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று சட்டம் உண்டு. சட்டம் இருந்தும் ஆமைகள் ஒதுங்கியதை என்னவென்பது!

இந்த ஆமைகளுக்காக இரவில் கரையோரம் நடப்போரும் இருக்கின்றார்கள். 1970களில் சென்னையில் தொடங்கிய வழக்கம் அது. 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகக் கூடி அதனைத் தொடர்கின்றனர். அவர்கள் பருவம் முழுவதும் இரவில் நடந்து முட்டைகளைக் கண்டெடுத்து, வேலியிட்ட பொரிப்பிடங்களில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றார்கள்.

இனி கோவளத்திற்கு வாருங்கள். நவாபுகளின் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. அங்கிருந்த கோட்டையை 1752ஆம் ஆண்டில் கிளைவ் கைப்பற்றினார். அங்கே அடங்கியிருப்பவர் நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் என்பதும், அவர்களது உடல் தாங்கிய பேழை கடல் வழியே வந்து கரை சேர்ந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தியாகும். வரலாற்றாய்வாளர் அதனை எவ்வாறு எடைபோட்டாலும், இம்மக்களின் நம்பிக்கையில் கடல் எத்துணை நெருக்கமானது என்பதை அது காட்டுகின்றது. வியாழன் மாலையில் மஃரிபு ஆனதுமே நம் கணக்கில் வெள்ளி இரவு தொடங்கிவிடுகின்றது. மாமல்லபுரத்தை மாலையில் கண்டு, இரவில் கோவளத்திற்கு வருவோருக்கு அந்நாளே பொருத்தமானது.

ஜியாரத் முடிந்ததும் பிள்ளைகள் கடற்கரைக்கு இழுப்பார்கள். அழைத்துச் செல்லுங்கள். ஆமைப் பருவமாயின் கைவிளக்கையும் கைபேசி விளக்கையும் அணைத்துவிடுங்கள். சிறிது நேரத்தில் கண் இருளுக்குப் பழகிவிடும். சிறு வண்டியின் சக்கரம் உருண்டது போன்ற தடம் அலையிலிருந்து மணல்மேட்டை நோக்கிச் செல்வதைக் கண்டால், அதனை மிதிக்காமல் விலகி நடக்கச் சொல்லுங்கள். பின்னிரவில் வரும் தொண்டர்கள் அந்தத் தடத்தைக் கொண்டுதான் முட்டைக் குழியைக் கண்டுபிடிக்கின்றார்கள்.