உங்களுக்குத் தெரியுமா? கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு சைக்கிளில்

கொழும்புக் கடற்கரையிலிருந்து நுவரெலியா வரை சாலை வழியே சுமார் 180 கி.மீ. அதற்குள் 1,868 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். முதல் பாதி வயலும் தென்னந்தோப்புமாகச் சமவெளிதான். ஆனால் அந்தச் சமவெளியே ஏறுபவரைக் களைப்படைய வைத்துவிடும்! ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் உடல் குளிராது. அதனால்தான் வெயில் ஏறுமுன் சமவெளியைக் கடக்க, விடியுமுன் கிளம்பச் சொல்கிறார்கள்.

கண்டிச் சாலையின் கடுகண்ணாவை ஏற்றம் 1820களில் பிரிட்டிஷ் பொறியாளர் டாசன் மேற்பார்வையில் போடப்பட்டது. பாறையைக் குடைந்து அமைத்த பழைய வழியை இன்றும் சாலையோரம் காணலாம். அவர் நினைவுக் கோபுரமும் அங்கேயே நிற்கிறது.

உண்மையான சோதனை பேராதனையில் திரும்பி, கம்பளை, புசல்லாவை தாண்டிய பிறகுதான். றம்பொடையில் ஒரு பக்கம் அருவி, மறுபக்கம் கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் லபுக்கலைத் தேயிலைச் சரிவுகள்; கொழுந்து பறிப்பவர்கள் பேசுவது மலையகத் தமிழ். கடைகளில் தமிழிலேயே தண்ணீர் கேட்கலாம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைவதால், கொழும்பில் நனைந்த சட்டை நுவரெலியாவில் நடுங்க வைக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள். சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள்.