வானத்தில் இருந்து குதிக்கும் பட்டாளம்

ஒரே இரவில் மாலத்தீவை மீட்டவர்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி நினைவிடம் இருக்கிறது. ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் அந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள். 1991-ம் ஆண்டு மே 21-ந் தேதி இரவு, அந்த ஊரில் குண்டு வெடித்து அவர் உயிர் இழந்தார்.

அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு, அவர் பிரதமராக இருந்தபோது, ஒரு நாள் காலையில் அவசரச் செய்தி ஒன்று டெல்லிக்கு வந்தது. "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்பதுதான் அந்தச் செய்தி. அனுப்பியவர் மாலத்தீவு ஜனாதிபதி கயூம்.

அன்று 1988-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி. அப்துல்லா லுதுபி என்ற மாலத்தீவு வியாபாரி, ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போட்டான். இலங்கைத் தமிழ் இயக்கங்களில் ஒன்றான "புளொட்"டைச் சேர்ந்த சுமார் 80 பேரைத் துப்பாக்கிகளுடன் படகில் அழைத்து வந்தான். தலைநகரம் மாலியில் விடியற்காலையில் சண்டை தொடங்கிவிட்டது. ஜனாதிபதி வீடு வீடாக ஒளிந்துகொண்டு இருந்தார்.

யாரை அனுப்புவது? ஆக்ராவில் இருந்த 50-வது பாராசூட் பிரிகேடுக்கு உத்தரவு போயிற்று. (பிரிகேடு என்றால் மூன்று பட்டாளங்களும், அவற்றுக்குத் துணையாகப் பீரங்கி, மருத்துவப் பிரிவுகளும் சேர்ந்த படை.)

கையில் சுற்றுலாப் படம்

மாலத்தீவு எப்படி இருக்கும் என்று அந்த வீரர்களுக்குத் தெரியாது. நல்ல ராணுவ வரைபடம் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சடித்த படங்களை வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள்! மாலத்தீவுக்கான இந்தியத் தூதர் அப்போது டெல்லியில் இருந்தார். அவரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் பல்சாரா. முன்னால் போனது 6-வது பாராசூட் பட்டாளம். அதற்குத் தலைவர் கர்னல் ஜோஷி. இரண்டு ராட்சத விமானங்கள் ஆக்ராவில் இருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பறந்தன.

மாலிக்குப் பக்கத்தில் ஹுலுலே என்று ஒரு தீவு. விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. அது எதிரியின் கையில் இருந்தால் விமானம் இறங்க முடியாது. வீரர்கள் இருட்டில் பாராசூட்டில்தான் குதிக்க வேண்டும். சின்னத் தீவு, சுற்றிலும் கடல். காற்று கொஞ்சம் தள்ளினாலும் தண்ணீர்தான்.

நல்லவேளை, லுதுபியின் ஆட்கள் விமான நிலையத்தைப் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் செய்த பெரிய தவறு அதுதான்! இரவு 10 மணிக்குள் இரண்டு விமானங்களும் தரையில் இறங்கின. யாரும் குதிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஆனால் நடுவில் கடல் இருக்கிறதே! இன்று இரண்டு தீவுகளுக்கும் இடையே பாலம் உண்டு. அது 2018-ம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அன்று, ஆகாயத்தில் வந்த பட்டாளம் அங்கே கிடைத்த படகுகளில் ஏறிக்கொண்டு மாலிக்குப் போயிற்று. பொழுது விடிவதற்குள் ஜனாதிபதியை மீட்டுவிட்டார்கள்.

லுதுபி ஒரு கப்பலைப் பிடித்து, பிணைக்கைதிகளுடன் இலங்கைப் பக்கம் ஓடினான். நமது கடற்படைக் கப்பல்கள் "கோதாவரி"யும் "பெத்வா"வும் துரத்திப்போய் அவனைப் பிடித்தன. அதற்குள் பிணைக்கைதிகளில் சிலர் உயிர் இழந்துவிட்டார்கள்.

முதலில் குதித்த டாக்டர்

இந்தப் பிரிகேடு பிறந்தது 1941-ம் ஆண்டு அக்டோபர் மாதம், டெல்லியில். அப்போது இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டு இருந்தது. ஜெர்மனி அதே ஆண்டில்தான் கிரீட் தீவில் ஆயிரக்கணக்கான வீரர்களை ஆகாயத்தில் இருந்து இறக்கி, உலகத்தையே திகைக்க வைத்திருந்தது.

இங்கே ஆட்கள் இருந்தார்கள், பாராசூட்தான் இல்லை! இங்கிலாந்தில் இருந்து வந்தவை மிகக் கொஞ்சம். பிறகு கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை ஏற்பட்டது. சண்டைக்குப் போகும் வீரனின் உயிர், அங்கே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இருப்பவரின் கையில் இருந்தது என்றே சொல்லலாம்.

இந்தியர்களில் முதன் முதலாகக் குதித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் ஒரு டாக்டர். அவர் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஊசி போடவேண்டிய டாக்டர் ஏன் குதிக்க வேண்டும்? எதிரிக்குப் பின்னால் குதித்தவனுக்கு அடிபட்டால், அங்கே ஆஸ்பத்திரி ஏது? டாக்டரும் அவனோடு குதித்தால்தான் உண்டு.

சங்சாக் மலையில்

ஆகாயத்தில் குதிக்கப் பழகிய இந்தப் படைக்கு முதல் பெரிய சண்டை மலை மேல் வாய்த்தது. 1944-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானியப் படை பர்மாவில் இருந்து மணிப்பூருக்குள் நுழைந்தது. சங்சாக் என்ற மலைக் கிராமத்தில் 50-வது பிரிகேடு அதை எதிர்த்து நின்றது.

பாறை நிலம். ஆழமாகக் குழி வெட்ட முடியவில்லை. முள்கம்பி இல்லை. தண்ணீர் இல்லை. மேட்டில் இருந்த மாதா கோவிலைச் சுற்றி இரவு பகலாகக் கைகலப்பு நடந்தது.

குண்டும் தண்ணீரும் உணவும் விமானத்தில் வந்தன. பாராசூட்டில் கட்டிப் போட்டார்கள். வீரர்கள் பிடித்து இருந்த இடமோ மிகச் சிறியது. கீழே வந்தவற்றில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது! தாகத்தில் நாக்கு வறண்டவர்கள், தங்கள் தண்ணீர் எதிரியிடம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பாராசூட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா? காற்றை யார் தடுப்பது?

மார்ச் 26-ந் தேதி இரவு, மலையை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. நடக்க முடிந்தவர்கள் சிறு சிறு கூட்டமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். நடக்கவே முடியாத காயக்காரர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. பிரிகேடில் சுமார் 600 பேர் சாவு, காயம்.

தோற்று ஓடியவர்கள் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. ஆனால் அந்தச் சில நாள் தாமதத்தில், கோகிமாவிலும் இம்பாலிலும் படைகளைச் சேர்க்க நேரம் கிடைத்தது. ஜப்பானியப் படை அந்த இரண்டு இடங்களிலும் முறியடிக்கப்பட்டது. அதன்பிறகே சங்சாக் வீரர்களுக்குப் பாராட்டு வந்தது.

அடுத்த ஆண்டு மே 1-ந் தேதி, கூர்க்கா வீரர்கள் ரங்கூன் ஆற்று முகத்தில், "யானை முனை" என்ற இடத்தில் குதித்தார்கள். கப்பல்கள் ஆற்றுக்குள் வராமல் தடுக்கும் பீரங்கிகளை ஒழிப்பது அவர்கள் வேலை. மறுநாள் கடல் வழியாகப் படை இறங்கியது. வானமும் கடலும் கை கோத்த சண்டை அது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியர் அதற்கு முன்பே ரங்கூனைக் காலி செய்துவிட்டார்கள்!

கட்டிலில் படுக்காத தளபதி

1947-ல் நாடு இரண்டானபோது பாராசூட் படையும் பிரிந்தது. 50-வது பிரிகேடு இந்தியாவுக்கு வந்தது. காஷ்மீர்ப் போரில் அதற்குத் தலைவராக இருந்தவர் பிரிகேடியர் முகமது உஸ்மான். பாகிஸ்தான் ராணுவத்துக்கு வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் போகவில்லை.

ஜங்கர் என்ற ஊரை எதிரி பிடித்துக்கொண்டான். அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் சபதம் செய்தார். காஷ்மீர்க் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜங்கர் மீட்கப்பட்டது. தளபதிக்குக் கட்டில் வேண்டுமே! முகாமில் ஒன்றுகூட இல்லை. ஒரு கிராமத்தில் இரவல் வாங்கி வந்தார்கள். ஜூலை 3-ந் தேதி அதே ஜங்கரில் பீரங்கிக் குண்டு விழுந்து அவர் இறந்தார். அப்போது அவருக்கு 36 வயது நிறையவில்லை.

கொரியாவில் ரங்கராஜ்

டாக்டர் ரங்கராஜ் என்ன ஆனார்? 1950-ல் கொரியாவில் போர் மூண்டது. இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, டாக்டர்களை அனுப்பியது. 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவுக்கு ரங்கராஜ் தலைவர்.

டிசம்பர் மாதம் பியாங்யாங் நகரை விட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். மருந்துகளை ஏற்றிச் செல்ல இந்தியர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. மருந்து இல்லாமல் டாக்டர் போய் என்ன செய்வது? ஸ்டேஷனில் ஒரு பழைய நீராவி என்ஜின் நின்றது. வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அதைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் கடந்த சிறிது நேரத்தில் ஆற்றுப் பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது!

1951-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, அமெரிக்க பாராசூட் படையோடு ரங்கராஜும் 11 இந்தியர்களும் குதித்து, போர்க்களத்திலேயே காயக்காரர்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கர விருது கிடைத்தது.

நதியும் கடலும்

1961-ல் கோவாவிலும் இந்தப் பிரிகேடு நடந்தும் ஆறுகளைக் கடந்துமே போயிற்று. ஆனாலும் பஞ்சிமுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான். 1971-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதிதான் பெரிய குதிப்பு. டங்கைல் என்ற இடத்தில் 2-வது பாராசூட் பட்டாளம் இறங்கி, டாக்காவுக்குப் பின்வாங்கிய எதிரியின் பாதையில் பூங்லி பாலத்தைப் பிடித்தது. குதித்தவர்கள் சுமார் 700 பேர். 5 ஆயிரம் பேர் என்று வெளிநாட்டில் செய்தி பரவியது. இந்தியா அதை மறுக்க அவசரப்படவில்லை!

அதே போரில், காக்ஸ்பஜாரில் கப்பலில் இருந்து கரையேற முயன்ற கூர்க்கா வீரர்களுக்கு வேறு அனுபவம். கப்பல் மணல் திட்டில் தட்டியது. ஆழம் அதிகம் என்று தெரியாமல் தண்ணீரில் இறங்கியவர்கள் மூழ்கிப்போனார்கள். கடலில் இருந்து கரையேறுவதும் தனிப் பயிற்சி தேவைப்படும் வித்தை என்பதை அது காட்டியது. அந்தப் பயிற்சி பெற்ற பிரிகேடு ஒன்று இன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. வீரர்களையும் டாங்கிகளையும் சுமக்கும் "ஜலஷ்வா" என்ற பெரிய கப்பலை, இந்தியா 2007-ல் அமெரிக்காவிடம் இருந்து வாங்கியது.

வானத்தில் இருந்து குதிக்கப் பழகும் இடம் ஆக்ரா. முதுகில் ஒரு பாராசூட். அது விரியாவிட்டால் திறக்க மார்பில் இன்னொன்று. ஐந்து முறை குதித்தால்தான் சட்டையில் சிறகுச் சின்னம் குத்துவார்கள். அந்த ஐந்தில் ஒரு முறை, இரவு இருட்டில் குதிக்க வேண்டும்.