பொம்மையை அடித்த பிள்ளைகள்

கைத்தொலைபேசித் திரையிலே மனிதரைச் சுட்டு வீழ்த்தி மகிழும் சிறுவனைக் காணுந்தோறும் பெற்ற தாயின் நெஞ்சில் ஓர் அச்சம் எழுவது இயல்பே. இன்று திரையிற் சுடுபவன் நாளை தெருவிலும் கைநீட்டுவானோ?

வினா புதியதன்று. 1929ஆம் ஆண்டளவிலே அமெரிக்க அறிஞர் சிலர் சினிமாவைக் குறித்து இதனையே கேட்டு ஆராயத் தொடங்கினர். 1954இல் அந்நாட்டுச் செனற் சபையின் துணைக்குழு ஒன்று சித்திரக்கதைப் புத்தகங்களை விசாரித்தது. 1993இல் வீடியோ விளையாட்டுக்களின் முறை வந்தது. சித்திரக்கதைகளுக்கு எதிராக அன்று பெரிதும் முழங்கியவர் பிரெட்ரிக் வேர்தம் என்னும் மனநோய் மருத்துவர். அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின், அவருடைய குறிப்பேடுகளைப் படித்த கரோல் ரில்லி என்னும் ஆய்வாளர், பிள்ளைகள் கூறிய சொற்களை வேர்தம் பல இடங்களில் மாற்றியும் குறைத்தும் நூலில் எழுதியிருந்தமையை 2012இல் வெளிப்படுத்தினார். பிள்ளைகள்மீது கொண்ட பரிவே அவரை அவ்வாறு செய்வித்ததுபோலும். ஆயினும் பரிவு சான்றாகிவிடுமா?

நிற்க. இத்துறையிற் பலரும் முதலில் எடுத்துக் காட்டுவது 1961இல் வெளிவந்த ஒரு பரிசோதனையாகும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் அல்பேட் பண்டுராவும், டொரத்தியா றொஸ், ஷீலா றொஸ் என்னும் சகோதரிகளும் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியிலிருந்து 72 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். ஆண் 36, பெண் 36. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்டோர். அறையிலே காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. அடியிலே பாரம் உள்ளமையால் எத்தனை முறை வீழ்த்தினும் எழுந்து நிற்கும். நம் தலையாட்டிப் பொம்மைக்குத் தமையன் என்னலாம்.

பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பார்த்திருக்க, வளர்ந்தவர் ஒருவர் அப்பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், தூக்கியெறிந்தார். வேறொரு பகுதியினர் முன்னிலையில் வளர்ந்தவர் பொம்மையைத் தீண்டாது அமைதியாக விளையாடினார். மூன்றாம் பகுதியினருக்கு யாரும் எதையும் காட்டவில்லை. பின்னர் ஒவ்வொரு பிள்ளையையும் அழகிய விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த அறைக்கு அழைத்துச் சென்று, ஆசையோடு கையில் எடுத்த சிறிது நேரத்தில், "இவை வேறு பிள்ளைகளுக்கு உரியவை" என்று பறித்தனர். மனம் நொந்த பிள்ளையைப் பொம்மை இருந்த மூன்றாம் அறையில் விட்டு, ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடி வழியாக இருபது நிமிடங்கள் கவனித்தனர்.

அடித்ததைக் கண்ட பிள்ளைகள் அடித்தனர். கண்ட முறையிலேயே அடித்தனர். கேட்ட சொற்களையே சொல்லியும் அடித்தனர். 1963இல் இதே காட்சியைத் திரைப்படமாகக் காட்டியபோதும் பலன் பெரிதும் வேறுபடவில்லை.

செய்தித்தாள்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே கதையை நிறுத்திவிடுகின்றன. 1965இல் பண்டுரா செய்த அடுத்த பரிசோதனையே எனக்கு அதனினும் சிறந்ததாகத் தோன்றுகிறது. இம்முறை படத்தில் அடித்தவர் சிலருக்குப் பரிசு பெறுபவராகவும், சிலருக்குத் தண்டனை பெறுபவராகவும் காட்டப்பட்டார். தண்டனையைக் கண்ட பிள்ளைகள் குறைவாகவே பொம்மையை அடித்தனர். எனினும், "படத்திற் கண்டதைச் செய்து காட்டு, பழரசம் தருவோம்" என்றதும் அவர்களும் ஏனையோரைப் போலவே செய்து காட்டினர்! கற்றல் எல்லாருள்ளும் நிகழ்ந்திருந்தது. செய்வதும் செய்யாமல் விடுவதுமே பயனை நோக்கி அமைந்தன.

இனி, மறுப்பாளர் கூறுவதையும் கேட்போம். அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்தல் வன்செயலாகுமா? விளையாட்டன்றோ? இத்துறை ஆராய்ச்சிகளின் தீராத் தலைவலி இதுவே. ஆய்வுகூடத்தில் ஒருவரையொருவர் உண்மையாக அடிக்க விடமுடியாது. ஆகவே காரம் விரும்பாத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்ச் சோஸ் ஊற்றிக் கொடுக்கிறார் என்பதைக்கொண்டு ஆட்டக்காரரின் மூர்க்கத்தை அளந்தோர் உண்டு. நம் சமையலறைகளில் இவ்வளவுகோலை வைத்தால் நம் பாட்டிமார் யாவரும் கொடியவரென்றே முடிவாகும்!

ஆய்வுகூடத்துக்கு வெளியே இரண்டு ஊர்கள் இயற்கையாகவே பரிசோதனைக் களங்களாயின. கனடாவில், மலைகளின் மறைப்பால் 1973 வரை தொலைக்காட்சி எட்டாதிருந்த சிற்றூர் ஒன்றுக்கு ஆய்வாளர் நோட்டெல் எனப் புனைபெயரிட்டனர். தொலைக்காட்சி வந்து இரண்டு ஆண்டுகளில் அவ்வூர்ப் பிள்ளைகளிடையே அடிபிடியும் வசைமொழியும் மிகுந்தன என்று அவர்கள் கண்டனர். தென் அத்திலாந்திக்கிலே தனித்துக் கிடக்கும் சென் ஹெலினாத் தீவுக்கோ 1995இலேயே செய்மதி வழியாகத் தொலைக்காட்சி வந்தது. தொனி சாள்ற்றன் என்பவரும் குழுவினரும் அதற்கு முன்னும் பின்னும் பள்ளிக்கூட முற்றங்களில் கமெரா வைத்துப் பிள்ளைகளின் நடத்தையைப் பதிவுசெய்தனர். மூர்க்கம் கூடியதாகக் காணவில்லை. யாருடைய பிள்ளை என்பதை எல்லாரும் அறிந்த தீவு அது. ஊர்க் கண்காணிப்பே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. நம் கிராமங்களில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வீடியோ விளையாட்டைப் பற்றியும் இத்தகைய வழக்கே நடக்கிறது. 1,30,000 பேருக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்த கிரெய்க் அன்டர்சன் குழுவினர், வன்செயல் ஆட்டங்களால் மூர்க்கம் மிகும் என்று 2010இற் கூறினர். தொகுத்த முறையும் அளந்த முறையும் பிழை என்று கிறிஸ்தோபர் பேர்கசன் முதலியோர் உடனே மறுத்தனர். 2019இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து அன்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெற்றா வைன்ஸ்ரைனும் ஒரு புதிய ஒழுங்கைக் கையாண்டனர். எதனை எவ்வாறு கணக்கிடுவோம் என்பதைத் தரவுகளைப் பார்க்குமுன்னரே எழுதிப் பதிவுசெய்துவிட்டனர். விரும்பிய விடை வரும்வரை கணக்கை மாற்றிப் பார்க்க இதனால் வழியில்லாமற் போகிறது. 14, 15 வயதுடைய 1004 பிரித்தானிய இளைஞர்களையும் அவ்வளவு தொகையான பெற்றோர், பாதுகாவலரையும் வினாவினர். வன்செயல் ஆட்டத்துக்கும் பிள்ளையின் மூர்க்கத்துக்கும் தொடர்பு புலப்படவில்லை. அமெரிக்க உளவியற் சங்கம் 2020இல், கூச்சலிடுதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டென்றும், துப்பாக்கிச் சூடு போன்ற கொடுமைகளை ஆட்டங்களின் தலையிற் சுமத்தச் சான்று போதாதென்றும் அறிக்கை வெளியிட்டது.

ஷிபில்ஸ்கி 2014இல் வேறு மூவருடன் வெளியிட்ட ஆய்வொன்று பெற்றோர்க்குப் பெரிதும் பயன்படும். அவர்கள் எடுத்துக்கொண்ட ஆட்டங்களுள் ஒன்று, துப்பாக்கியோ இரத்தமோ இல்லாத 'ரெற்றிஸ்' என்னும் கட்டை அடுக்கும் விளையாட்டு. அதனை மாற்றியமைத்து, எப்பொழுதும் வேண்டாத கட்டையே வந்து விழும்படி செய்தனர். ஆடியோர் சினந்தனர். கொலைக்காட்சியினும், கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போகும் எரிச்சலே மூர்க்கத்தைத் தூண்டுகிறது என்பது அவர்களின் முடிவு.

சென்ற மாதம் என் தமக்கையின் மகன் கைத்தொலைபேசியை மெத்தைமேல் வீசியெறிந்துவிட்டு முகஞ்சிவந்து நின்றான். யாரோ அவனைச் சுட்டுவிட்டார்கள் போலும் என்று எண்ணி அருகிற் சென்று விசாரித்தேன்.

"சுட்டாப் பரவாயில்லை, மாமா. வெல்லப்போற நேரத்தில சிக்னல் போட்டுது!" என்றான்.