எண் குறைந்தால் மவுசு கூடும்!

லினக்ஸில் எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். இது தெரியாமல் வைவாவுக்குப் போயிடாதீங்க! கெர்னலுக்குள் 0 முதல் 139 வரை 140 படிகள். முதல் 100 ரியல் டைம் வேலைகளுக்கு. மிச்சம் 40 தான் சாதாரண ப்ராசஸ்களுக்கு. நாம் கொடுக்கும் நைஸ் எண்ணோ -20 முதல் 19 வரை. அதோடு 120-ஐக் கூட்டினால் கெர்னல் எண். நைஸ் கூடினால் விட்டுக்கொடுக்கும் குணமும் கூடும். நைஸ் 0 உள்ளவனுக்கு எடை 1024. 19 உள்ளவனுக்கு வெறும் 15, பாவம்!

இந்த 100, 120 எல்லாம் பல ஃபைல்களுக்குத் தேவை. அங்கங்கே வெறும் எண்ணாக எழுதிவிட்டு, பின்னால் ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டால் போச்சு: எது ரியல் டைம், எது சாதாரணம் என்பதே குழம்பிவிடும். அதனால் 2014-இல் இந்த வரையறைகளை ப்ரையோ.ஹெச் என்ற தனி ஹெடர் ஃபைலில் சேர்த்தார்கள். அதில் 120 என்ற எண்ணைத் தேடினால் கிடைக்காது. ரியல் டைம் எல்லையோடு நைஸ் அகலத்தில் பாதியைக் கூட்டு என்றுதான் இருக்கும்.